மிக்கேலுக்கு ‘வேண்டாம்’ கற்றுக்கொடுத்தது

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இராமநாதபுரத்துக்குப் பக்கத்தில், காது கேளாத பிள்ளைகளுக்காகக் கன்னியர்கள் நடத்துகிற விடுதிப் பள்ளி அது. இப்போதெல்லாம் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே காதைச் சோதித்துவிடுகிறார்கள். காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் அரசாங்கக் காப்பீட்டிலேயே நடக்கிறது. பிள்ளைகள் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். “நீங்க ஆயுசு பூரா இருந்த இடம் காலியாகுதே டீச்சர்” என்று யாராவது வருத்தப்பட்டுச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு பிள்ளை ஏழு வயதில் தாய் மடியை விட்டு விடுதிக்கு வர வேண்டியதில்லை என்றால் அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

சமீபத்தில் அங்கே போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி செல்போனைக் காட்டி, “மிஸ், இப்ப எந்த வார்த்தைக்கும் சைகை வீடியோ இருக்கு. உங்க காலத்துல இது ஒண்ணுமே இல்லாம எப்படிச் சொல்லிக்குடுத்தீங்க?” என்று கேட்டாள். நின்று பதில் சொல்ல நேரமில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிளஸ் டூ முடித்ததும் வெளியூரில் சிறப்பாசிரியர் பயிற்சிக்குப் போனேன், திரும்பி வந்தேன், வேலை கிடைத்தது. நான் தொழில் கற்றது எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் பவுலாவிடம்.

சிஸ்டர் குள்ளமான உருவம். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. வகுப்புக்குள் வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். பிள்ளைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருவார். அப்போதுதான் அவர் உதட்டைப் பிள்ளை பார்க்க முடியும். ‘ப’ சொல்லிக்கொடுக்க ஒரு காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடிப்பார். காகிதம் அசைய வேண்டும். ‘ம’ வருவதற்குப் பிள்ளையின் விரலை எடுத்துத் தன் மூக்கின் பக்கவாட்டில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் செய்வார். காது கேட்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உதட்டை மட்டும் பார்த்தால் ‘அப்பா’வும் ‘அம்மா’வும் ஒன்றுதான். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். லீவுக்கு வீட்டுக்குப் போன பிள்ளை, அத்தனை மாதம் பழகிய சொல்லை ஆசையோடு சொல்லி, தாயைப் பார்த்து ‘அப்பா’ என்று கூப்பிடும். அந்தத் தாய்மார்கள் அதற்கே அழுவார்கள்.

சிஸ்டர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்: “‘புரிஞ்சுதா’ன்னு பிள்ளைககிட்டக் கேக்காதீங்க. கேட்டா ஆமான்னுதான் தலையாட்டும். செஞ்சு காட்டச் சொல்லுங்க.” வகுப்பில் யாராவது மறந்துபோய் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுவிட்டால், வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான் கண்டிப்பு. அது போதும், அன்றைக்கு முழுக்க நமக்குச் சோறு இறங்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் இரும்பு. வகுப்பில் சைகை கூடாது. கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து பேச வேண்டும். அந்தக் காலத்தில் அப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள். கை பேசினால் வாய் சோம்பல்படும் என்பார்கள். பிள்ளைகளோ, வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருக்கும். சாப்பாட்டு அறைக்குள் போனதும் பார்க்க வேண்டுமே! சோற்றுக் கையும் சும்மா இராது. கதை, கிண்டல், சண்டை, எல்லாம் கையிலேயே.

எனக்குச் சைகை கற்றுக்கொடுத்தது அந்தச் சாப்பாட்டு அறைதான். கூடவே கற்றவள் கோமதி. சிக்கல் என்கிற ஊரில் மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரி வீட்டுப் பெண். பள்ளிக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுக்க வந்தாள். நான் தீவுக் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். அவள் வருடம் தவறாமல் ஊர்ப் பொங்கலுக்கு லீவு போடுகிறவள். பரிமாறுகிற சாக்கில் இரண்டு பேரும் பிள்ளைகள் நடுவில் நின்று பார்ப்போம். அன்றைக்குக் கற்ற சைகையை பஸ்ஸில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து பழகிக்கொள்வோம். எங்களை ஊமைகள் என்று நினைத்து ஒரு கண்டக்டர் ரொம்ப நாள் கையாலேயே டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிஸ்டருக்கு இது தெரியாமல் இருக்காது. எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் பள்ளி வளாகத்துக் கெபியில், குகை மாதிரிக் கட்டிய சிறு கோவிலில், மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த விளக்குக் கண்ணாடி உடைந்து கிடந்தது. அங்கே நின்ற ஒரு பெண்பிள்ளையைச் சிஸ்டர் கண்டித்துவிட்டார். பிறகுதான் தோட்டக்காரர் சொன்னார், உடைத்தது பூனை என்று. மதிய இடைவேளையில் சிஸ்டர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே, “ஜெசிந்தா, ‘மன்னிச்சுக்கோ’ங்கிறத இதுக எப்படிக் காட்டும்?” என்று கேட்டார். காட்டினேன். ஒரு தடவை செய்து பார்த்தார். நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய் அந்தப் பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து செய்தார். பிள்ளைக்குப் புரியவில்லை, சிஸ்டரின் கை அதுவரை பேசியதே இல்லையே. மறுபடி செய்தார். பிள்ளை மெதுவாக அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலை நிமிர்த்தி, சைகையைத் திருத்திவிட்டது. அதன் பிறகு எங்கள் பள்ளியில் யாரும் கையைக் கட்டச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நற்செய்தியைப் பிள்ளைகளுக்கு நாடகமாகப் போட்டுக் காட்டலாம் என்பது கோமதியின் யோசனை. நான் கதையைச் சொல்வேன். அவள் வேஷம் கட்டி, சாமான் சேர்த்து, பிள்ளைகளை நடிக்க வைப்பாள். இயேசு ஒரு காது கேளாதவரைக் குணமாக்கிய பகுதி வந்த வாரம், ரெஜினா என்கிற பிள்ளை நாடகத்துக்கு நடுவில் எழுந்து நின்று கேட்டது: “அவருக்கு மட்டும் கேட்டுச்சு. எனக்கு ஏன் இல்ல?”

நான் சிறுவயது முதல் மறைக்கல்வி படித்தவள். ஆனால் கோமதிதான் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அவளுக்குத் தெரிந்த சைகையில் சொன்னாள்: “அத விடு. அவரு அந்த ஆளக் கூட்டத்துல வச்சுப் பேசல பாத்தியா? தனியாக் கூட்டிட்டுப் போயி, கையால தொட்டு, கையாலதான் பேசுனாரு. அவருக்குச் சைகை தெரிஞ்சிருக்கு.” ரெஜினா போய் நடிக்கத் தொடங்கினாள். அத்தனை பூசையில் அந்த வாசகத்தைக் கேட்ட எனக்கு, அவர் அந்த மனிதரைத் தனியே அழைத்துப் போனது ஏன் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பூசைக்கே வராத என் தோழிக்குத் தோன்றியது. அன்றிலிருந்து நான் ஜெபிக்கிற விதம் கொஞ்சம் மாறித்தான் போனது.

இந்த ரெஜினாதான் வளர்ந்து, தையல் படித்து, தீவிலுள்ள அக்காள்மடத்தில் தாயோடு இருந்துகொண்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பவுலா அப்போது மாற்றலாகிப் போயிருந்தார். ஒருநாள் ரெஜினா பள்ளிக்கு என்னைத் தேடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

பக்கத்துத் தெருவில் மிக்கேல் என்று ஒருவன். அவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடமே பார்க்காதவன். அப்பா அருளானந்தம், அண்ணன்மார்களோடு கரைவலை இழுப்பான். கரையில் வரிசையாக நின்று கயிறு இழுக்கும்போது மற்றவர்கள் பாட்டின் தாளத்துக்கு இழுப்பார்கள். இவன் முன்னால் நிற்கிறவரின் இடுப்பைப் பார்த்து இழுப்பான். கிழிந்த சட்டையைத் தைக்க ரெஜினாவிடம் வந்தான். பிறகு கிழியாத சட்டையையும் கிழித்துக்கொண்டு வந்தானாம். இதைச் சொல்லும்போது மட்டும் ரெஜினா சிரித்தாள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் பங்குச் சாமி ஃபாதர் இன்னாசி, திருமணத்தைக் கோவில் பதிவேட்டில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நானும் கோமதியும் அந்தச் சனிக்கிழமையே பாலம் தாண்டிப் போனோம். சாமியோடு சண்டை போடுகிற தயாரிப்போடுதான் போனேன். அவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், முந்தி வேற ஒரு பங்குல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் மந்திரிச்சு வச்சேன். நான் கேட்டப்ப தலைய ஆட்டுச்சு. சம்மதம்னு எழுதிட்டேன். வீட்டுல அடிச்சுக் கூட்டியாந்துருக்காங்கன்னு பெறகுதான் தெரிஞ்சது. அந்தப் புள்ள பட்ட பாடு இன்னும் என் நெஞ்சுல கெடக்கு. இனிமே தலையாட்டுறத நான் சம்மதம்னு எடுத்துக்கிற மாட்டேன். மிக்கேல்கிட்ட நான் பேசிப் பாத்தேன். எதக் கேட்டாலும் தலைய ஆட்டுறான். எது புரிஞ்சு ஆட்டுறான்னு எனக்குத் தெரியல.”

“ரெஜினாவ வச்சுக் கேக்கலாமே சாமி?”

“கட்டிக்கப்போற பொண்ணே அவனுக்காகப் பதில் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க.”

எனக்குச் சண்டை போட எதுவும் இல்லாமல் போனது. தவக்காலம் தொடங்கப்போகிற நேரம். அதில் எப்படியும் கல்யாணம் கிடையாது. உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் முடிந்ததும் விசாரிக்கிறேன், அதற்குள் உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் என்றார் ஃபாதர்.

அப்படித்தான் அந்தத் தவக்காலத்துச் சனிக்கிழமைகளில் கோவிலுக்குப் பக்கத்து மறைக்கல்வி அறையில் எங்கள் வகுப்பு நடந்தது. மிக்கேலுக்கு முப்பது வயது இருக்கும். அகலமான தோள், வெட்கமான சிரிப்பு. ரெஜினாவும் அவனும் அதற்குள் தங்களுக்குள் ஒரு சைகைப் பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அதை முதலில் ரெஜினாவிடம் நாங்கள் கற்றோம். அதிலேயே அவனிடம் கேட்டேன்: “நீ மீன் பிடிப்பியா?” தலையாட்டினான். “நான் உன் அப்பாவா?” தலையாட்டினான். “இந்த நாற்காலி மீனா?” அழகாகச் சிரித்துத் தலையாட்டினான்.

கோமதி என் பக்கம் திரும்பினாள். “ஜெசி, இவன் ஆமாங்கல. ‘என்னைய விட்டுருங்க’ங்கிறான்.”

உண்மைதான். பிறந்ததிலிருந்து யார் என்ன சொன்னாலும் தலையாட்டினால் அடியும் இல்லை, கேள்வியும் இல்லை என்று அவன் பழகியிருந்தான். ‘ஆமாம்’ சொல்ல இவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ‘வேண்டாம்’ சொல்லத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

அடுத்த வாரம் கோமதி பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். மிக்கேலின் டம்ளரில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. முழுவதையும் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று தலையாட்டினான். எனக்குச் சிரிப்புக்குப் பதில் அழுகை வந்தது. அதற்கடுத்த வாரம் ரெஜினாவுக்கும் உப்பு டீ. அவள் ஒரு வாய் வைத்ததும் ஜன்னல் வழியே துப்பிவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கோமதியை அடிக்கப்போனாள். மிக்கேல் கண் கொட்டாமல் பார்த்தான். அவளை யாரும் அடிக்கவில்லை. கோமதி சிரித்துக்கொண்டே வேறு டீ கொடுத்தாள். மிக்கேல் தன் டம்ளரைப் பார்த்தான். மெதுவாக மேஜையில் அதைத் தள்ளி வைத்தான். உள்ளங்கையை விரித்து எங்களைப் பார்த்து ஆட்டினான். வேண்டாம்.

நாங்கள் மூன்று பெண்களும் கை தட்டிய சத்தத்தில் ஃபாதர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தாழ்ப்பாள் திறந்த கதைதான். மறுவாரம் மிக்கேலின் அப்பா அருளானந்தம் அறை வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, இவனுக்கு என்ன சொல்லிக்குடுக்குறீக? நல்லாத்தான இருந்தான். பழைய கஞ்சி வேணாங்கிறான். மதினி சொன்ன வேலைக்கு வேணாங்கிறான். இன்னைக்கு வல இழுக்க வாலேன்னு கூப்புட்டா, வகுப்பு இருக்கு, வேணாங்கிறான்!”

“நாளைக்கழிச்சு வாரானான்னு கேளுங்க” என்றாள் கோமதி.

அவர் கடலைக் காட்டி, கயிறு இழுத்துக் காட்டி, நாளை மறுநாள் என்பதற்கு விரலை மடக்கிக் காட்டினார். மிக்கேல் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றான். “பாத்தீங்களா, இப்ப அவன் வாரேன்னா வருவான்” என்றாள் கோமதி. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கல்யாண வாழ்க்கையைப் பற்றிய மற்றப் பாடங்களை நாற்காலிகளை வைத்து நடித்துத்தான் நடத்தினோம். ஒரு நாற்காலி வீடு, ஒரு நாற்காலி படகு, ஒரு நாற்காலி மாமியார். கோமதி காய்ச்சல்காரியாகப் பாயில் படுத்துக்கொள்வாள்; மிக்கேல் கஞ்சி காய்ச்சி ஊட்டுவான். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது என்று தலையில் கோலப்பொடி பூசிவிடுவாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்க வேண்டும். வேறொரு அழகான பெண் வருகிறாள் என்று நான் சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்துவருவேன். அவன் என்னைப் பார்த்து ‘வேண்டாம்’ என்ற வேகம் எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

கடவுளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டாக வேண்டுமே. கோவிலுக்குள் கூட்டிப்போய் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, “இது யாரு?” என்றேன். பீடத்துக்கு மேலே சிலுவையில் ஆணியடித்துத் தொங்குகிற உருவம். பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் அவன் அதன் முன்னால் முழங்கால் போட்டிருக்கிறான்.

மிக்கேல் சொன்னதை ரெஜினாவும் நானும் சேர்ந்துதான் புரிந்துகொண்டோம். அது இந்த ஊர் ஆள். ரொம்ப நாளைக்கு முன்னால் கொன்றுவிட்டார்கள். நல்ல மனுஷன் போலிருக்கிறது. அதனால்தான் ஊரே ஞாயிற்றுக்கிழமை நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து துக்கம் கேட்கிறது. நானும் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகிறேன். பாவம்.

கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏ ஜெசி, இவன் சொன்னதுல என்னடி தப்பு?” என்றாள்.

தப்பில்லைதான். ஆனால் பாதிக் கதை. மீதியை உயிர்ப்புத் திருநாளன்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். அன்று காலைப் பூசை முடிந்ததும், கையில் கொடி பிடித்து நிற்கிற உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தின் முன்னால் அவனைக் கூட்டிப்போனேன். இது யார் என்று கேட்டேன். இறந்தவரின் அண்ணனாக இருக்கலாம் என்றான். வருடத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வருகிறவர் என்று நினைத்திருந்தான். நான் அவன் விரலை எடுத்துச் சுரூபத்தின் உள்ளங்கையில் வைத்தேன். ஆணித் தழும்பைத் தடவினான். மற்றக் கையைத் தடவினான். குனிந்து பாதத்தைப் பார்த்தான். பீடத்துக்கு ஓடி மேலே பார்த்தான். திரும்பி ஓடிவந்தான். “அவரா? அதே ஆளா?” என்று கேட்டான். அதே ஆள்தான் என்றேன்.

மிக்கேல் கோவிலுக்கு வெளியே ஓடினான். அவன் அம்மா திரேசம்மா அங்கே நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து இழுத்துவந்து அந்தத் தழும்புகளைக் காட்டினான். சாகவில்லை, அதே ஆள், அதே ஆள் என்று நெஞ்சில் அடித்து அடித்துச் சொன்னான். “தெரியும்யா, எனக்குத் தெரியும்யா” என்று அந்த அம்மா அழுதார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

அந்த வாரமே விசாரணை. ஃபாதர் இன்னாசி அறையில் மிக்கேல், நான், அவர் மட்டும். மற்றவர்கள் வெளியே. தொடங்குமுன் என்னிடம் சொன்னார்: “டீச்சர், அவன் சொல்றது மட்டும் எனக்கு வரணும். நீங்களா எதுவும் சேக்க வேணாம்.”

ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். யாராவது அடித்தார்களா? இல்லை. நோய் வந்தால் விட்டுவிடலாமா? கூடாது. எல்லாம் நன்றாகப் போனது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியாகக் கேட்டார்: “ரெஜினாவக் கல்யாணம் கட்டி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக உனக்குச் சம்மதமா?”

நான் அதை அப்படியே கையில் சொன்னேன்: ரெஜினா, தாலி, உன் வீடு, கூட்டிப் போவது, சரியா?

மிக்கேல் உள்ளங்கையை விரித்து ஆட்டினான். வேண்டாம்.

மறுபடி கேட்டேன். மறுபடி வேண்டாம் என்றான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரெஜினா கோமதியின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அவளுக்கு இதை நான் எப்படிச் சொல்வேன்? அவனுக்குக் கேள்வி புரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. ஆனால் அவனுக்குப் புரிந்திருந்தது. அவன் முகம் தெளிவாக இருந்தது.

“வேண்டாம்ங்கிறான், சாமி.”

ஃபாதர் பேனாவை மூடி வைத்தார். “ஏன்னு கேளுங்க.”

கேட்டேன். மிக்கேல் எழுந்தான். அறையில் கிடந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்து ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருக்கிப் போட்டான். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்: அப்பா, அம்மா, பெரிய அண்ணன், மதினி, சின்ன அண்ணன், மதினி, பிள்ளைகள். மூலையில் சுவரோடு ஒரு சின்ன முக்காலியைச் செருகினான். அது ரெஜினா. மீன் கழுவுகிறாள், பாத்திரம் விளக்குகிறாள். தையல் மிஷின் வைக்க இடமில்லை. அவளோடு பேச ஆளில்லை. கூப்பிட வேண்டும் என்றால் முதுகில் தட்டுவார்கள். முப்பது வருடம் தன் முதுகில் தட்டியதுபோல. வேண்டாம் என்றான்.

பிறகு ஃபாதரின் நாற்காலியைக் காட்டி, எழுந்திருக்கச் சொன்னான். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து கொடுத்தார். அதையும் இன்னொரு நாற்காலியையும் ஜன்னல் பக்கம் தனியாகப் போட்டான். நடுவில் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துவைத்து, காலால் மிதித்துக் காட்டினான். தையல் மிஷின். இதற்குச் சம்மதம் என்றான். இரண்டு கையாலும் சொன்னான்.

அப்பா, அம்மா, ரெஜினா, கோமதி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார் ஃபாதர். விஷயத்தைக் கேட்டதும் அருளானந்தத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

“எங்க வீட்டுல எவன் சாமி தனியாப் போயிருக்கான்? இருக்கிறதுலயே இவனுக்குத்தான் வாய் இல்ல. ரெண்டு பேருக்கும் காதும் இல்ல. கதவத் தட்டுனா யாருக்குக் கேக்கும்? நாளைக்கு ஒரு புள்ள பொறந்து ராத்திரி வீறிட்டா யாருக்குக் கேக்கும்? நான் செத்துருவேன் சாமி அத நெனச்சே.”

கோபம் என்று நினைத்தது பயமாக இருந்தது. நான் அதை ரெஜினாவுக்குச் சொன்னேன். அவள் மாமனாரைப் பார்த்து நேராகக் கையில் பேசினாள், நான் வாயால் சொன்னேன்: “தொட்டில் கயித்த என் கையில கட்டிக்கிட்டுப் படுப்பேன் மாமா. புள்ள அசைஞ்சா எனக்குத்தான் முதல்ல தெரியும்.”

திரேசம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தார். “எம்புள்ள இது வேணும்னு ஒண்ணக் கேட்டு நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. குடுத்துட்டுப் போங்களேன்.”

அருளானந்தம் வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து, “கோயிலுக்குப் பின்னாடி நம்ம வலை போட்டு வச்சிருக்கிற வீடு சும்மாத்தான கெடக்கு. ஓட்ட மாத்திக் குடுக்கேன்” என்றார்.

அந்த வீட்டில்தான் குடியேறினார்கள். கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் கேள்வியை நான் சைகையில் சொல்வதாக ஏற்பாடு. ஆனால் ஃபாதர் என்னைக் கையமர்த்திவிட்டு, தானே கையால் கேட்டார்; எனக்குச் சொல்லாமல் ரெஜினாவிடமே கற்றுவைத்திருந்தார். விரல்கள் கொஞ்சம் தடுமாறின. மிக்கேல் உடனே பதில் சொல்லவில்லை. அவன் ரெஜினாவைப் பார்த்தான், பெற்றோரைப் பார்த்தான், நிதானமாக யோசித்தான். பிறகு சம்மதம் என்றான். தலையாட்டவில்லை. எங்கே பாட்டைத் தொடங்குவது என்று தெரியாமல் பாடகர் குழு விழித்தது.

வருடங்கள் ஓடிவிட்டன. மிக்கேல் இன்னும் அண்ணன்மார்களோடுதான் வலை இழுக்கிறான். அவர்கள் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் சண்டை போடுவாள். அந்தப் பங்கில் மாதம் ஒரு ஞாயிறு சைகையோடு பூசை நடக்கிறது. சுற்று ஊர்களிலிருந்து காது கேளாதவர்கள் வருகிறார்கள். நானும் கோமதியும் போவோம். எனக்குத் துணையாகத்தான் வருகிறேன் என்பாள். ஆனால் கடைசி பெஞ்சில் யாராவது உட்கார்ந்துவிட்டால் அது தன் இடம் என்று எழுப்பிவிடுவாள்.

பூசையில் மக்கள் சார்பாக ஜெபிக்கிற விசுவாசிகள் மன்றாட்டு மிக்கேலுடையது. அவன் கையால் ஜெபிப்பான். நான் மைக்கில் சொல்வேன். அவனுக்குச் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. போன தடவை சூடை மீன் நிறையக் கிடைத்ததற்கு நன்றி சொன்னான். காற்று அடங்க வேண்டும் என்றான். மகள் கணக்கில் தேற வேண்டும் என்றான். முடித்துவிட்டான் என்று நினைத்தேன். என் பக்கம் கையைக் காட்டித் தொடர்ந்தான். நான் மைக்கில் சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன்:

“ஆண்டவரே, இந்த டீச்சருக்கு முழங்கால் வலி. நொண்டி நொண்டி நடக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீராவது சொல்லும்.”

கோவில் முழுக்கச் சிரித்துக்கொண்டே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொன்னது. எல்லாக் குரலுக்கும் மேலே கடைசி பெஞ்சிலிருந்து கோமதியின் குரல் கேட்டது. திங்கட்கிழமை காலையில் ஆட்டோவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.